நாலாவது விசில்

நெட்டில்பேங்க் கம்பெனி பிறந்தது ஹாலிஃபாக்ஸில், ஒரு மீன் வறுவல் கடையின் மாடியில். ட்ரெவர் ஓல்ட்ராய்டும் அவன் மனைவி லொரைனும் இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கைக்குள் அடங்குகிற விளையாட்டுக் கருவிகளுக்கு ‘கேம்’ செய்யத் தொடங்கினார்கள். ஊரே சிரித்தது. ஆட்டுப்பண்ணைக்காரன் மகனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்டார்கள். கேட்டவர்கள் வாயை அடைப்பது போல ட்ரெவர் செய்த முதல் கேமே ஆடு மேய்ப்பதுதான். ஜெஸ் என்று ஒரு நாய். மலைச்சரிவில் சிதறிய ஆடுகளை அது வளைத்துக் கொண்டுவந்து பட்டியில் சேர்க்க வேண்டும். அது விற்றது பாருங்கள், சிரித்தவன் வீட்டுப் பிள்ளைகளே பஸ்ஸில் அதைத்தான் தலை நிமிராமல் ஆடிக்கொண்டு போனார்கள்.

நாயை ஏவுவதற்கு விசில். இடப்பக்கம் போ, வலப்பக்கம் போ, படு என்று மூன்று. ட்ரெவர் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதித் தானே பதிவு செய்தான். கீழே மீன் வாங்க வரிசையில் நின்றவர்கள் மிரண்டுபோய்க் கூரையைப் பார்த்தார்களாம். நாலாவதாக ஒரு விசில் உண்டு. ஏறி, இறங்கி, நீண்டு அடங்கும். ‘போதும், வேலையை விட்டுட்டு என்கிட்ட வா’ என்று அதற்கு அர்த்தம். கருவியில் செருகுகிற கேம் கேசட்டில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

“இத விட்டுட்டோமேன்னு எனக்கு மனசே ஆறல,” என்றான் ட்ரெவர் அப்போது. “நல்ல நாய் சொல்லாம வேலைய நிறுத்தாது. கூப்பிட மறந்துட்டு நீ பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டா, அது மலையிலயே ஓடிட்டுக் கெடக்கும்.”

கேமுக்குள் போகாத அந்த விசிலை அவன் ஆபீசுக்கு வைத்துக்கொண்டான். சாயங்காலம் மாடிப்படியில் நின்று ஊதுவான்; எல்லோரும் மெஷினை அணைத்துவிட்டுக் கோட்டை மாட்டுவார்கள். வீட்டுத் தோட்டத்தில் லொரைன் செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாலும் அதே விசில்தான்.

“நான் என்ன உன் நாயா?” என்பாள்.

“நாய் ஒரு தடவைக்கே வந்துடும். உனக்கு மூணு தடவ ஊத வேண்டியிருக்கு,” என்பான்.

அப்படிப்பட்டவன் ஒரு குளிர்காலத்தில் மலைமேட்டில் நடக்கப் போனான், திரும்பவில்லை. கல்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே இதயம் நின்றுபோயிருந்தது. அதற்குள் கம்பெனி வளர்ந்து, பழைய கம்பளி ஆலை ஒன்றின் மூன்றாம் தளத்துக்கு வந்திருந்தது. ஏழு பேர் பிழைப்பு லொரைன் தலையில் விழுந்தது. அடக்கம் முடிந்த மறுவாரமே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கல்நெஞ்சக்காரி என்று நாலு பேர் சொன்னார்கள். சொல்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டுதானே இருந்தது.

இரண்டு வருஷம் ஓடிற்று. கைக்கருவிகளுக்குக் கேம் கேட்டு வந்தவர்கள் குறைந்து, எல்லோரும் செல்போனுக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். லண்டன் கம்பெனி ஒன்று ஜெஸ் கேம்தான் வேண்டும் என்றது. கிடைத்தால் கம்பெனி பிழைக்கும், இல்லாவிட்டால் கதவைச் சாத்த வேண்டியதுதான். ஆனால் அன்றைய செல்போனில் இருந்த இடமோ கைப்பிடி அளவு. யானையைப் பிடித்துச் சிமிழில் அடைக்கிற வேலை அது.

அந்த வேலையில் அவளுக்குத் துணை நதீம். கேமை ஆடி ஆடி எங்கே கோளாறு என்று தோண்டி எடுப்பதுதான் அவன் உத்தியோகம். இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன்; வாய் மட்டும் ஒரு நிமிஷம் அடங்காது.

“பனிய எடுத்தாச்சு, வேலிய எடுத்தாச்சு, பாவம், ஆட்டுக்கு நாலு கால்ல ரெண்ட எடுத்தாச்சு. இன்னும் எடுக்கணும்னா என் மூளையத்தான் எடுக்கணும் லொரைன்.”

“அதுல என்ன பெரிய இடம் மிச்சமாகிடப் போகுது கண்ணு?”

அவன் சிரிக்கவில்லை. “விசில்தான் பாக்கி. நான் வேணா எடுக்கவா? நீங்க கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க.”

“வேண்டாம். நானே எடுக்கறேன்,” என்றாள். எடுத்தாள். அதற்குப் பதில் கீங் கீங் என்று ஒரு மணிச்சத்தத்தை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

லண்டனுக்கு அனுப்பிய கேம் திரும்பி வந்தது. சத்தத்தை அணைத்தால் கேமிலிருந்து ஒரு சின்ன ஒலிகூட வரக்கூடாது என்பது அங்கே சட்டம். ‘அணைத்த பிறகும் விசில் கேட்கிறது’ என்று எழுதியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் சரிசெய்து அனுப்பாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்களாம்.

“என்ன விசில்?” என்றான் நதீம். “சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்?”

வெள்ளிக்கிழமை மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. மற்றவர்கள் அடுத்த அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நதீம் செல்போனில் கேமைத் திறந்து, சத்தத்தை முழுக்க அணைத்து, மேஜை நடுவில் வைத்தான். இருவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

விசில் கேட்டது.

மெல்லியதாக, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போலக் கேட்டது. இடப்பக்கம் போ. திரையில் ஜெஸ் இடப்பக்கம் ஓடிற்று. ஒருவரும் பொத்தானைத் தொடவில்லை. வலப்பக்கம் போ. அது வளைந்து வந்தது. ஆடுகள் ஒன்றுசேர்ந்து பட்டிக்குள் நுழைந்தன. புது ஆடுகள் சரிவில் முளைத்தன. விசில் மறுபடியும் தொடங்கிற்று.

நதீம் வேறு போனில் போட்டுப் பார்த்தான். அதிலும் கேட்டது. கேமைப் பிரித்து, உள்ளே இருந்த ஒவ்வொன்றையும் பார்த்தான். விசில் என்று ஒரு துணுக்குகூட இல்லை. அவன் முகம் வெளுத்துவிட்டது.

“பழைய பதிவு எங்கயாவது ஒட்டிட்டு இருக்கும், அதான்,” என்றான். அதை அவனே நம்பவில்லை.

“இது பழைய பதிவு இல்ல,” என்றாள் லொரைன்.

“எப்படிச் சொல்றீங்க?”

“ஊதறதுக்கு முன்னாடி மூக்கால மூச்சு இழுக்கற சத்தம் வருது, கேளு. அவரு பழக்கம் அது. பழைய கேசட்டுல அது கெடையாது. இடத்த மிச்சம் பிடிக்க நான்தான் அத வெட்டி எறிஞ்சேன்.”

கேட்டார்கள். மூச்சு இழுபட்டது. பிறகு விசில். பின்னால் காற்று வீசிற்று, மலைமேட்டுக் காற்று. லொரைனுக்குப் பயமாக இருந்தது. அதோடு கூடவே, சொல்ல வெட்கமாக இருந்தாலும், சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டு வருஷமாகக் கேட்காத மூச்சு அது.

“நிறுத்த வழி இருக்கா?” என்று நதீம் மெதுவாகக் கேட்டான்.

அவளுக்குத் தெரிந்திருந்தது. இரண்டு குளிர்காலமாக அந்தச் சரிவில் ட்ரெவர் வேலை செய்துகொண்டே இருக்கிறான். போதும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் ஏழு பேர் பிழைப்பைப் பார்க்க நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“இருக்கு. ஆனா நிறுத்திட்டா அப்புறம் கேக்காது.”

நதீம் போனை அவள் பக்கம் தள்ளினான். “வேண்டாம்னா விடுங்க லொரைன். லண்டன்காரன் போனா போறான். நான் எங்கப்பாகிட்ட டாக்சி ஓட்டப் போயிடுவேன். சத்தியமா சொல்றேன், ஒரு வார்த்த கேக்க மாட்டேன்.”

“உன் பேச்சக் கேட்டுட்டு எவன் டாக்சில ஏறுவான்?” என்றாள். கண் நிறைந்துவிட்டது. “மழை பெய்யுது நதீம். அவரு அங்க நனைஞ்சிட்டு நிக்கறாரு.”

இரண்டு விரலை வாயில் வைத்தாள். வாழ்நாளில் அவளுக்கு விசில் வந்ததில்லை. ட்ரெவர் எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தும் வெறும் காற்றுதான் வந்தது. இப்போதும் காற்றுதான் வந்தது. உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மறுபடியும் ஊதினாள். எச்சில் தெறித்தது. மூன்றாவது முறை வந்துவிட்டது. ஏறி, இறங்கி, நீண்டு அடங்கிற்று. அடுத்த அறையில் பேச்சு சட்டென்று நின்றது. பழைய ஆட்கள் இருவர் பழக்கதோஷத்தில் கோட்டை எடுக்க எழுந்துவிட்டார்கள்.

திரையில் ஜெஸ் நின்றது. ஆடுகளை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி, நேராகக் கீழ்நோக்கி, அவர்களைப் பார்த்து ஓடி வந்தது. திரையின் ஓரத்தைத் தாண்டி மறைந்தது. அப்படி மறைய அதற்கு யாரும் கற்றுத்தந்ததில்லை. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நதீம் கேமை அணைத்து மறுபடி திறந்தான். ஜெஸ் பழையபடி தன் இடத்தில் படுத்திருந்தது. வெகுநேரம் காதை வைத்துக் கேட்டுவிட்டு லண்டனுக்கு அனுப்பினான். மணி ஆறாவதற்குள் சரி என்று பதில் வந்தது. ஏழு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். லொரைனும் சிரித்தாள். இரண்டாம் முறை புருஷனைப் புதைத்துவிட்டு நிற்பவள் அவள் என்பது நதீமுக்கு மட்டும் தெரியும்.

வீட்டுக்கு வந்தாள். கெட்டிலில் தண்ணீரை வைத்துவிட்டுக் கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள். அனுப்பிவிட்டேன், என் கையாலேயே அனுப்பிவிட்டேன் என்று மனது அடித்துக்கொண்டது.

பின்பக்கத் தோட்டத்து கேட் கிரீச்சிட்டது. பிறகு வாசல்படி ஓரத்து இரும்புத் தகட்டில் யாரோ பூட்ஸ் சேற்றைச் சுரண்டினார்கள். உள்ளே சேறு வரக்கூடாது என்று அவள் கத்திக் கத்தி ஒருவனுக்கு மட்டுமே பழக்கியிருந்த காரியம் அது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த விசிலுக்குப் போ என்று அர்த்தமில்லை. வா என்றுதான் அர்த்தம்.

கதவிடுக்கில் ஈரமண் வாடை வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் மூக்கால் மூச்சு இழுபட்டது. இப்படி ஒரு பயத்தை அவள் ஆயுசில் பட்டதில்லை. ஆனாலும் கூப்பிட்டது அவள்தான். மழையில் நிற்க வைக்க முடியுமா?

“மூணு தடவ ஊத வேண்டியிருக்கு உனக்கு,” என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.