பங்குதாரர் நமசிவாயம்

நமசிவாயத்துக்கு அரப்பு வைத்துக் குளிப்பாட்டி முடிந்ததும் எல்லோரும் வாசல் படலையைப் பார்த்தார்கள். பத்மாவதிக்குத் தாய்வீட்டுக் கோடி வரவேண்டும். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்தவீடு போடும் அந்தப் புதுச்சேலை வராமல் பிரேதத்தை எடுக்கமுடியாது. கொண்டுவரவேண்டிய ஒரே தமையன் சிவானந்தன் இந்த வெள்ளவத்தை வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுத்து மூன்று வருடமாகிறது.

நமசிவாயமும் சிவானந்தனும், மச்சான்மார் இருவரும், கொட்டாஞ்சேனையில் கப்பல் சாமான் கடை போட்டு, அதை லிமிட்டெட் கொம்பனியாகப் பதிந்தவர்கள். உலக யுத்தம் வந்து வியாபாரம் ஏறியதும் சிவானந்தன் ஒரு கூட்டம் வைத்து, மச்சானின் பேரைப் பங்குதாரர் பட்டியலிலிருந்தே வெட்டிவிட்டார். கூட்ட அறிவித்தல் போனது ஆளில்லாமல் பூட்டிக்கிடந்த யாழ்ப்பாணத்து வீட்டுக்கு. நமசிவாயம் புதுக்கடைக் கோட்டில் வழக்குப் போட்டார். நஷ்டஈடு தருகிறோம் என்றார்கள். "சல்லி வேண்டாம், என்ர பேரைத் திருப்பி எழுதுங்கோ" என்று ஒற்றைக்காலில் நின்றார். தீர்ப்புக்கு முதல் நெஞ்சுநோவு முந்திக்கொண்டது.

கார் வந்து நின்றது. சிவானந்தன் வெள்ளைச் சேலையோடு இறங்கி, பிரேதத்தைக் கண்டதும் குலுங்கி அழுதார். தானாடாவிட்டாலும் தன் தசையாடும் என்பார்கள். அவருக்கு இரண்டும் ஆடின. பத்மாவதிக்கு அந்த அழுகை பொய்யென்று தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

சேலையைத் தோளில் போடும்போது அவர் குனிந்து சொன்னார்.

"தங்கச்சி, ஆளே போயிட்டுது. இனி வழக்கு என்னத்துக்கு? உனக்கும் பிள்ளைக்கும் நான் இருக்கிறன்."

"கோடி போட வந்தனீங்கள், போடுங்கோ அண்ணை. அது உங்கட உரிமை."

"நான் கேட்டதுக்கு..."

"அவற்ற பேரைத் திருப்பி எழுதுவீங்களோ?"

சிவானந்தன் சேலையின் மடிப்பைச் சரிசெய்தார். பத்மாவதிக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

"நேரமாகுது, தூக்குவம்" என்றது ஒரு குரல். பாடையின் முன்பக்கத்துக்குச் சிவானந்தன் தோள் கொடுத்தார். மனப்பூர்வமாகத்தான் கொடுத்தார். நமசிவாயத்துக்காகக் கோட்டில் வழக்கை நடத்திய பிறக்கிராசியார் சவுந்தரநாயகமும் ஆண்களோடு புறப்பட்டார்.

பத்மாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள்.

"கௌரி, பிறக்கிராசியாரை ஒருக்கா நிக்கச் சொல்லு. வழக்கில அப்பான்ர இடத்துக்கு என்ர பேரைப் போடட்டாம்."

கௌரி ஓடினாள். சவுந்தரநாயகம் படலையடியில் நின்று திரும்பிப் பார்த்தார். பாடை தெருமுனையில் காலி றோட்டுப் பக்கம் திரும்பிவிட்டது.