கடைசிப் பக்கத்துப் புலி

பதிப்பக அம்மாளுக்குக் கதை கேட்கிற பழக்கம் கிடையாது. குழந்தைகளின் முதுகைப் பார்க்கிற பழக்கம்தான் உண்டு.

படம் வரையக் கொடுப்பதற்கு முன்னால், எழுதியவரை ஒரு மழலையர் பள்ளிக்கு அழைத்துப் போய்விடுவார். தாள்களை மடித்து ஸ்டேப்ளர் பின் அடித்த மாதிரிப் புத்தகத்தை, பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அம்மாள் பின்சுவரோரம் ஒரு குட்டி நாற்காலியில் தன்னை எப்படியோ அடக்கிக்கொண்டு, பென்சிலோடு உட்கார்ந்திருப்பார். எந்தப் பக்கத்தில் முதல் குழந்தை எழுந்து "மிஸ், பாத்ரூம்" என்கிறதோ, அந்தப் பக்கத்தில் கதை செத்தது. மேல்முறையீடு கிடையாது.

நம் எழுத்தாளரின் முதல் கதை ஆறாம் பக்கத்தில் செத்தது. இரண்டாவது கதை நாலாம் பக்கத்தில். அப்போது சுவரில் ஒரு பல்லி வந்துவிட்டது என்று அவள் வாதாடிப் பார்த்தாள்.

"பல்லி உங்க கதையை விட நல்லா இருந்துச்சு, அதான்" என்றார் அம்மாள். "மூணாவதும் போச்சுன்னா, பேசாம கலர் அடிக்கிற புத்தகத்துக்கு வரி எழுதிக் கொடுங்க. 'இது வாத்து. இதற்கு மஞ்சள் அடி.' அந்த வேலைக்கு ஆள் தேடிக்கிட்டுதான் இருக்கேன்."

வாத்துக்கு மஞ்சள் அடிக்கச் சொல்வதற்காக அவள் எழுத வரவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. தன் கதையில் ஒரு குழந்தையாவது பயந்து வீல் என்று கத்த வேண்டும். அதனால் மூன்றாவது கதைக்குப் புலியைக் கொண்டுவந்தாள்.

காட்டில் தனியாக ஒரு முயல். தூரத்தில் புலி. பக்கத்துக்குப் பக்கம் புலி கொஞ்சம் நெருங்கும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே வரி: 'மெத்து மெத்து மெத்தென்று புலி வந்தது, மெல்ல மெல்ல மெல்ல வந்தது.' கடைசிப் பக்கத்தில் பாய்ச்சல். தாள் முழுக்க வாயும் பல்லும். முயல் தப்பிப்பதைப் பின்னட்டையில் வைத்திருந்தாள்.

முதலில் கணவரிடம் வாசித்துப் பார்த்தாள். அவர் லிப்ட் மெக்கானிக்.

"ஏங்க! புலி குளத்தங்கரைக்கு வந்தாச்சு. நீங்க குறட்டை விடுறீங்க?"

"யாரு தூங்கினா? கண்ணை மூடிப் புலியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"சரி, இப்ப எங்க நிக்குது?"

"மூணாவது மாடியில."

அடுத்து நாத்தனாருக்குப் போனில் வாசித்தாள். ஒன்பதாம் பக்கத்தில் மறுமுனையில் பேச்சில்லை. லைன் போய்விட்டது என்று வைத்துவிட்டாள். போன லைனில் மூச்சுச் சத்தம் மட்டும் எப்படி வந்தது என்று அவள் யோசிக்கவில்லை.

வாசிப்பு மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. டீச்சரைத் தனியாகப் பிடித்து, எல்லாப் பிள்ளைகளையும் முன்கூட்டியே பாத்ரூம் அனுப்பி அழைத்துவரச் செய்திருந்தாள். சுவரில் பல்லி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டாள்.

ஆறாம் பக்கம் தாண்டியது. ஒருவரும் எழவில்லை. ஒன்பதாம் பக்கத்தில் ரெட்டைச் சடைக்காரி ஒருத்தி, பக்கத்துப் பையன் தோளில் சாய்ந்தாள். அந்தப் பையன் தனக்குப் பக்கத்துப் பையன்மேல் சாய்ந்தான். பள்ளியில் சேர்ந்த நாள் முதல் உட்கார்ந்தே அறியாதவன் என்று டீச்சர் எச்சரித்திருந்த ஒருவன், கழற்றிய ஷூவைக் கட்டிக்கொண்டு மல்லாந்தான். டீச்சரும் அலமாரியில் சாய்ந்துவிட்டார்.

"பாய்ந்தது!" என்று கடைசிப் பக்கத்தில் அடித்தொண்டையில் கத்தினாள்.

ஒரு குழந்தை புரண்டு படுத்தது.

பின்சுவரோரம் பென்சில் கீழே விழுந்தது. பதிப்பக அம்மாள் கண்ணைத் திறந்து, முதலில் பிள்ளைகளைப் பார்த்தார்.

"ஒருத்தர்கூட எழுந்திருக்கலையே!"

"இல்லீங்கம்மா. எழுப்பினாத்தான் உண்டு."

"நான் எந்தப் பக்கத்துல போனேன்?"

"பதினொண்ணு."

அம்மாள் குனிந்து பென்சிலை எடுத்தார். "ராத்திரி மாத்திரை போட்டும் எனக்குத் தூக்கம் வர்றதில்ல" என்றார். "இதைப் போட்டுடலாம். தூங்க வைக்கிற புத்தகம். பெத்தவங்க கண்ணுல ஒத்திப்பாங்க. ஒண்ணே ஒண்ணு, கடைசியில புலி பாய வேண்டாம். கொட்டாவி விட்டுப் படுத்துக்கட்டும்."

"கொட்டாவியா? அது புலிங்கம்மா!"

"வாய் எப்படியும் திறந்துதானே இருக்கு? ஓவியருக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் கண்முன் வாத்து வந்து நின்றது. பாயில் கிடந்த பிள்ளைகளைப் பார்த்தாள்.

"அம்மா, கடைசிப் பக்கத்தை யார் பார்ப்பா?"

"பிள்ளைங்கதான்."

"இந்தப் பிள்ளைங்களா?"

அம்மாள் பாயைப் பார்த்தார். "சரி, படிச்சுக் காட்டுற பெரியவங்க?"

"பிள்ளை தூங்கிட்டா அதுக்கப்புறம் யாரும்மா படிப்பா? மூச்சுக் காட்டாம நழுவிடுவாங்க. யாருமே வராத பக்கத்துல புலி பாஞ்சா என்ன, படுத்தா என்ன?"

அம்மாளிடம் இப்படி யாரும் கேட்டதில்லை. "பாயட்டும், போங்க" என்றார்.

புத்தகம் வந்தது. நன்றாகவும் போயிற்று. 'என் மகன் எட்டாம் பக்கம் தாண்டியதில்லை, உங்களுக்குக் கோடி நன்றி' என்று பெற்றோர்கள் எழுதினார்கள். ஒவ்வொன்றையும் அவள் துக்கச் செய்தி மாதிரி படித்து வைத்தாள்.

ஒரு நாள் காலையில் அம்மாள் போன் செய்தார்.

"ஒரு அப்பா இப்பதான் என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. அவர் பொண்ணு நேத்து மத்தியானமே தூங்கிட்டாளாம். ராத்திரி முழிப்பா உட்கார்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வந்துட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? கத்தின கத்துல மேல் மாடிக்காரங்க இறங்கி வந்துட்டாங்களாம்."

"எந்த மாடிம்மா?"

"இப்ப அதுவா முக்கியம்? மூணாவதாம். அவளைச் சமாதானம் பண்ணி முடிக்கிறதுக்குள்ள, மறுபடியும் முதல்ல இருந்து படின்னு அடம் பிடிச்சாளாம். மூணு தடவை. மூணு தடவையும் கத்தல். அடுத்த பதிப்புல கொட்டாவிதான்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். ஆனா, மூணு தடவை கேட்டாளேன்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்." மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. "இருக்கட்டும், விடுங்க."

போனை வைத்துவிட்டு அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவர் எட்டிப் பார்த்தார்.

"என்னாச்சு?"

"மூணாவது மாடிங்க."

அவர் சட்டென்று கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "எந்தக் கட்டடம்? லிப்ட்டுக்குள்ள ஆள் இருக்கா?"

"லிப்ட் இல்லீங்க," என்றாள் அவள். "புலி."