பயம் வராத தெரு

பிள்ளையார்பாளையத்தில் ஜெயக்குமார் தெரு என்று பெயர்ப்பலகை நட்ட நாளிலிருந்து அந்தத் தெருவுக்குள் யாருக்கும் பயம் வருவதில்லை. எல்லைச் சண்டையில் காயம்பட்ட இருவரைப் பாறை மறைவுக்கு இழுத்து வந்துவிட்டு, மூன்றாமவனுக்காகத் திரும்பிப் போய் உயிரை விட்டவன் ஜெயக்குமார். டில்லிக்குப் போய் அவன் மனைவி அகிலா வீரப் பதக்கத்தை வாங்கி வந்தாள். மாநகராட்சி தன் பங்குக்கு அவன் பிறந்த தெருவுக்கு அவன் பெயரை வைத்தது. பலகைக்குப் போட்ட சிமெண்ட் காய்வதற்குள் விஷயம் தெரிந்துவிட்டது. தடுப்பூசி போட வந்த நர்ஸிடம் கைக்குழந்தைகள் சிரித்தபடி தொடையைக் காட்டின. நாய் துரத்திய பூனை நடுத்தெருவில் நின்று நாயை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டன. எதிர்வீட்டு நமச்சிவாயம், மனைவி நீலாம்பாள் வைக்கும் ரசத்தைப் பற்றிக் கல்யாணமான நாள் முதல் மனதில் வைத்திருந்ததை அவளிடமே சொன்னார். அவள் அவருடைய பாட்டைப் பற்றிச் சொன்னாள். லீவில் வரும்போதெல்லாம் பல்லியைக் கண்டு கட்டில் மேல் ஏறி நின்றவன் பெயருக்கா இவ்வளவு மகிமை என்று அகிலாவுக்குச் சிரிப்பு வந்தது.

சின்ன காஞ்சிபுரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த பிரேம்நாத், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவளிடம் எப்போதோ கேட்டிருந்தான். வீரனின் மனைவி இன்னொருவனைக் கட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று அவள் வாயைத் திறக்கவில்லை. இப்போது பயம் போய்விட்டது. ஆசை மட்டும் மிச்சமிருந்தது. நேராக மாமனார் வீரபாகுவிடம் போனாள்.

"மாமா, பிரேம்நாத்தைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்."

ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது.

"நீயும் போய்ட்டா இந்த வீட்ல அவன் பேரைச் சொல்ல ஆள் இருக்காதேன்னு பயந்துக்கினு இருந்தேம்மா. இப்ப அந்த பயத்தையும் காணோம். எப்ப வெச்சுக்கலாம், சொல்லு."

"எங்க இருந்தாலும் சொல்லுவேன் மாமா."

அவர் அழுதார். பயம் போனால் அழுகையும் போய்விடும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அப்படியில்லை என்று அன்று தெரிந்தது.

கல்யாணம் அந்தத் தெருவிலேயே நடந்தது. மற்ற தெருக்கள் பேசின. இங்கே யாருக்கும் உறைக்கவில்லை.

புகுந்த வீட்டில் பயம் வழக்கமான அளவில்தான் இருந்தது. இடி இடித்தால் அகிலா காதைப் பொத்திக்கொண்டாள். பிரேம்நாத் வரத் தாமதமானால் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். அடுத்த ஆண்டு பிரசவ வலி எடுத்தபோது, ஆட்டோவில் அவள் பிரேம்நாத்தின் கையை விடவே இல்லை. ஜெயக்குமார் போய்த் திரும்பி வராத நாளே கண்முன் நின்றது.

"அண்ணா, கொஞ்சம் பிள்ளையார்பாளையம் வழியா…" என்று ஆரம்பித்தாள்.

டிரைவர் ஏற்கெனவே வண்டியைத் திருப்பிவிட்டிருந்தார். "பிரசவ சவாரின்னா நாங்க எல்லாரும் அந்தத் தெரு வழியா சுத்திக்கினுதாம்மா போறது. அந்த தைரியம் ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்கும்."

தாங்கியது. பெண் குழந்தை.