நிரந்தரத் தலைவரின் அறக்கட்டளை

வக்கீல் வேண்டவே வேண்டாம் என்று ஓய்வுபெற்ற மேலாளர் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். ஆயுள் முழுக்க ஆபீசில் எழுதிக் குவித்த கைக்கு ஓர் அறக்கட்டளைப் பத்திரம் எம்மாத்திரம்?

காரணம் என்னவோ நல்ல காரணம்தான். கூடப் பிறந்த தம்பிக்குத் தலை நரைத்தும் மனசு பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டது. தனக்குப் பிறகு அவன் நடுத்தெருவில் நிற்கக் கூடாது. சொந்தக் கட்டடத்தில் கீழே இருக்கும் செருப்புக்கடை வாடகை அவன் சாப்பாட்டுக்கு, மாடி அறை அவனுக்கு. இதைச் சொல்ல மேலாளருக்கு முப்பது பக்கம் பிடித்தது.

ஹாலில் நின்றுகொண்டு வாசித்தார். உட்கார்ந்தால் எடுபடாது என்று நினைப்பு. "நிறுவனரும் நிரந்தரத் தலைவருமாகிய நான்..." என்று ஆரம்பித்த பத்திரம், வாடகை வாங்க அவர் கையெழுத்து, பாங்கில் பணம் எடுக்க அவர் கையெழுத்து, மாடியில் பல்பு மாற்றவும் அவர் கையெழுத்து என்று கம்பீரமாக நடைபோட்டது.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள்.

"ஏங்க, இது எப்போ தேவைப்படும்?"

"எனக்கப்புறம்தான். அதுக்குத்தானே இவ்வளவு பாடு!"

"சரிங்க. அப்போ கையெழுத்து போட மட்டும் மேலேர்ந்து எறங்கி வருவீங்களா?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சாவு அடுத்தவர் வீட்டுச் சமாசாரம் என்று நம்பியே முப்பது பக்கத்தையும் எழுதியிருப்பது அப்போதுதான் உறைத்தது.

"அண்ணா, அப்போ எனக்குச் சோறு யாரு குடுப்பாங்க?" என்றான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தம்பி.

பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார். கையெழுத்துப் போட அவரைத் தவிர வேறு ஆள் பெயரே அதில் இல்லை.

மறுநாள் மூவரும் வக்கீலம்மா அறையில் உட்கார்ந்திருந்தார்கள். தோற்றுப்போய் வந்ததாக அவர் காட்டிக்கொள்ளவில்லை.

"எல்லாம் நானே முடிச்சுட்டேன் மேடம். நீங்க சும்மா ஒரு பார்வை பார்த்தாப் போதும்."

வக்கீலம்மா பார்த்தாள். "இந்த இடம் அருமையா இருக்கு சார்" என்று கடையும் அறையும் தம்பிக்கென்று சொன்ன வரியைக் குறித்துக்கொண்டு, மிச்சத்தை மேசை ஓரத்துக்குத் தள்ளினாள். "உங்களுக்கப்புறம் பொறுப்பு யாரு?"

தம்பி முந்திக்கொண்டான். "அண்ணி! அப்புறம் மருந்துக்கடை வச்சிருக்கிற அக்கா பொண்ணு. அவ திட்டமாட்டா."

கட்டடம் அறக்கட்டளைக்கு மாறியது; பத்திரம் நாலே பக்கத்தில் முடிந்தது. மேலாளர் தொண்டையைச் செருமினார்.

"அந்த 'நிரந்தரத் தலைவர்' வேண்டாம் மேடம். 'நிறுவனர்'னு மட்டும் இருக்கட்டும். கொஞ்சம் பெரிய எழுத்துல."

"போட்டுடுங்க மேடம்," என்றாள் மனைவி, "இல்லேன்னா வீட்டுல எங்களை உட்காரவிடமாட்டார்."

கையெழுத்தானதும் தம்பி பத்திரத்தை எட்டிப் பார்த்தான். "நான் எங்க இருக்கேன்?"

வக்கீலம்மா முதல் பக்கத்தைக் காட்டினாள்.

"அண்ணா எங்க?"

கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்திலிருந்த 'நிறுவனர்' என்பதைக் காட்டினாள்.

தம்பி அண்ணன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். "கவலப்படாத. உனக்கும் எடம் வச்சிருக்காங்க."