மூவாயிரத்து நானூறு கதவுகளும் ஒரு முழங்கையும்

1.

இந்தக் கதை எனக்கு ஒரு பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. புனேயில், ஹடப்சரில், கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒரு காலண்டர், மாதத்துக்கு ஒரு கதவு. யாரோ ஊர் ஊராகப் போய் எடுத்த படங்கள். பிப்ரவரிக் கதவு நீலம். பித்தளைக் குமிழ்கள், செதுக்கிய நிலை, முன்னால் ஈ காக்கை கிடையாது. ஆனால் படத்தின் வலது ஓரத்தில், கண்ணை இடுக்கிப் பார்த்தால், ஒரு விரற்கடை அகலத்துக்கு அரக்கு நிறச் சேலைக் கரை. யாரையோ நகரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் முழுசாக நகர்ந்து முடிப்பதற்குள் படம் விழுந்துவிட்டது.

பல் போயிற்று, கதை வந்தது. தாடையில் பஞ்சோடு வீட்டுக்கு வந்து, படம் எடுத்தவனைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். சேலைக்காரியைப் பற்றி எழுதலாம் என்று எனக்குத் தோன்றவேயில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் என்னைத் திட்ட உதவும்.

2.

முதல் ஆரம்பம்: "கதவு என்பது மனிதன் சுவரிடம் கேட்ட" — வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: "பத்ரி பிறந்தபோது ஆஸ்பத்திரியின் கதவு தானாகவே" — பொய். அப்போது நான் அங்கே இல்லை.

மூன்றாவது, சுற்றி வளைக்காமல்: பத்ரிக்கு ஐம்பத்து மூன்று வயது. விமான் நகரில் ஒரு மென்பொருள் கம்பெனியில், மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பது அவன்* உத்தியோகம். ஹடப்சரில் நான்காவது மாடியில் ஃப்ளாட். வருஷத்துக்கு இரண்டு பயணம். போகிற ஊரில் கோயில் இருந்தாலும் சரி, கடல் இருந்தாலும் சரி, பத்ரிக்கு வேண்டியது கதவு. காரைக்குடி, டையூ, ஜோத்பூர், கொச்சி என்று இருபத்தைந்து வருஷத்தில் மூவாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கதவுகள் சேர்த்துவிட்டான். கதவு சாத்தியிருக்க வேண்டும். முன்னால் ஸ்கூட்டர், உலரும் துணி, நாய், மனுஷர் யாரும் கூடாது. ஒரு கதவையும் அவன் தட்டினதில்லை. தட்டினால் திறந்துவிடுவார்கள், படம் கெட்டுவிடும்.

(* ஐம்பத்து மூன்று வயதுக்காரரை 'அவன்' என்று எழுதலாமா என்று கொஞ்சம் யோசித்தேன். 'அவர்' என்று எழுதினால் கேலி செய்யக் கூச்சமாக இருக்கிறது.)

ஊரைத் தேர்ந்தெடுப்பது, ரயிலுக்குப் பதிவு செய்வது, எந்தத் தெருவில் என்ன பார்க்கலாம் என்று படித்து வைப்பது எல்லாம் அவன் மனைவி சியாமளா. பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர். அவள் கண்டுபிடித்துக் கூட்டிப்போன தெருவில், அவள் காட்டிய கதவுக்கு முன்னால், காமிராவைக் கண்ணில் வைத்ததும் பத்ரி அவளிடம் சொல்வது ஒரே வாக்கியம்.

"சித்த நகந்துக்கோ, சியாமா."

[இந்த இடத்தில் சியாமளா ஏதோ பதில் சொன்னாள். கதையின் ஓட்டத்துக்கு இடறியதால் எடுத்துவிட்டேன்.]

3.

மகள் ஸ்நேஹா பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அப்பா அம்மாவின் இருபத்தைந்தாவது கல்யாண நாளை ஞாயிற்றுக்கிழமை ஃப்ளாட்காரர்களின் சொசைட்டி ஹாலில் வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்தவள் அவள்தான். எண்பது பேருக்குச் சாப்பாடு. திரையில் ஓட்டுவதற்கு, வருஷத்துக்கு ஒன்றாக, அம்மா இருக்கும் இருபத்தைந்து படங்கள் கேட்டாள்.

பத்ரி மூன்று நாள் தேடினான். கிடைத்தவை: ஒரு முழங்கை. ஒரு குடையின் நுனி. ஒரு நிழல், அது சியாமளாவுடையதா மின்கம்பத்தினுடையதா என்று முடிவாகவில்லை. ஜோத்பூர்க் கதவின் பித்தளைக் குமிழைப் பெரிதாக்கிப் பார்த்தால், கடுகளவில், பச்சைச் சுடிதாரில் ஒரு பெண். சியாமளாவிடம் பச்சைச் சுடிதார் கிடையாது என்று அதையும் ஒதுக்கிவிட்டான். (உண்டு. ஆறு வருஷம் போட்டாள்.)

"சியாமா, போன ஊர்லல்லாம் உன்னை ஏன் நான் எடுக்கவே இல்லை?"

சியாமளா விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "என்னைக் கேட்டா? காமிரா உங்க கைலன்னா இருந்தது."

"இப்ப ஸ்நேஹாக்கு என்ன அனுப்பறது?"

"இருபத்தஞ்சு கதவை அனுப்புங்கோ. நான் உள்ள இருக்கேன்னு சொல்லிடுங்கோ."

வேறு யாராக இருந்தாலும் இதிலிருந்த சூடு உறைத்திருக்கும். பத்ரிக்கு இது நல்ல யோசனையாகப் பட்டது. அழகான கதவுகளாகப் பார்த்து இருபத்தைந்தைப் பொறுக்கி அன்றைக்கே அனுப்பிவிட்டான். ஸ்நேஹா உடனே போன் செய்தாள்.

"அப்பா, இது ஆனிவர்சரியா, ரியல் எஸ்டேட்டா? அம்மா எங்கே?"

அம்மா உள்ளே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை அஞ்சரை வண்டிக்குக் கோலாப்பூர் போறேன். தனியா. ஃபங்ஷனுக்கு நல்ல கதவா ஒண்ணு பாத்து மேடைல நிறுத்திக்கோங்கோ. நான் சித்த நகந்துக்கறேன்."

"எப்ப திரும்புவே?"

"தெரியலை."

இருபத்தைந்து வருஷத்தில் போகும் நேரம், வரும் நேரம், நடுவில் எந்த ஸ்டேஷனில் டீ நன்றாயிருக்கும் என்பது வரை சொல்லக்கூடியவள் சியாமளா. அவள் வாயிலிருந்து தெரியலை என்று வந்ததும் பத்ரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். முதல் தடவையாகப் பயந்தான்.

[சியாமளா மேலும் நாலைந்து வரி பேசினாள், டையூவைப் பற்றி. புனேயில் நடக்கிற கதைக்கு டையூ எதற்கு என்று அதையும் எடுத்துவிட்டேன்.]

4.

இனி வரும் கதவு புனேயில் எங்கேயும் இல்லை. கஸ்பா பேட்டின் ஒரு சந்தில் அதைக் கதைக்காக நான்தான் கொண்டுபோய் நிறுத்தினேன். தேடிப்போய் ஏமாறாதீர்கள்.

அங்கே நூற்றைம்பது வருஷத்து வாடா ஒன்று இருந்தது. நடுவில் முற்றம் வைத்த பழைய மராத்தி வீடு. அதை இடித்துவிட்டார்கள். வாசற்கதவு யாருக்கு என்று அண்ணன் தம்பி இரண்டு பேரும் வழக்குப் போட்டதில், தீர்ப்பு வரும் வரை கதவு இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்று உத்தரவு. அதனால் வீடு போய்விட்டது, கதவு நிற்கிறது. இந்தப் பக்கம் சுவர் இல்லை, அந்தப் பக்கம் சுவர் இல்லை, மேலே வானம்.

அதைப் பார்த்துக்கொள்பவள் தம்பியின் மகள் வைஷாலி. பகலெல்லாம் கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள். கூரியர்க்காரர் மணியடித்துக் காத்திருந்து கையெழுத்து வாங்குகிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, நிலைப்படி தாண்டி, புல்தரைக்குள் போகிறார்கள். சுற்றிக்கொண்டு போவது ஒரு பூனை மட்டும்தான். கதவில் ஒரு போர்டு, புனேக்காரர்கள் வழக்கமாக எழுதுகிற மாதிரி: "மதியம் ஒன்று முதல் நான்கு வரை மணி அடிக்கக் கூடாது. அடித்தால் திறக்க மாட்டோம். திறந்தால் நீங்கள்தான் வருத்தப்படுவீர்கள்."

"அந்தக் கதவு ஸ்டேஷனுக்குப் போற வழிலதான்," என்று பத்ரி சனிக்கிழமை கெஞ்சினான். "ஒரே ஒரு படம். நீ நடுவுல நிக்கற படம். அப்பறம் நீ போறதுன்னா போ."

சியாமளா பெட்டியை வாசலுக்கு இழுத்து வந்தாள். "சரி, ரிக்ஷாவைக் கூப்பிடுங்கோ."

போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றரை. சியாமளா சக்கரப் பெட்டியோடு கதவின் நடுவில் போய் நின்றாள். புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள். முன்நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள். இதை எழுதும்போது எனக்கே மனசு லேசாகிவிட்டது, கதை நல்லபடியாக முடிந்துவிடும் போலிருக்கிறதே என்று.

பத்ரி காமிராவைக் கண்ணில் வைத்தான். தேக்கு. வரிசை வரிசையாகப் பித்தளைக் குமிழ்கள். சாய்ந்த வெயில். குறை ஒன்றுதான். கையகலப் பித்தளை வளையம் அவள் தோளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. இருபத்தைந்து வருஷப் பழக்கம், அவனைக் கேட்காமலே வாயிலிருந்து வந்துவிட்டது.

"சித்த நகந்துக்கோ, சியாமா."

எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து அழிக்கப் பார்த்தேன். ஆனால் அவன் சொல்லிவிட்டான், அவளும் கேட்டுவிட்டாள்.

சியாமளா கதவுப் பக்கம் திரும்பினாள். மணியைத் தொடவில்லை. விரல் முட்டியால் மூன்று தடவை தட்டினாள். வைஷாலி திறந்தாள். இரண்டு பேரும் மராத்தியில் ஏதோ பேசிக்கொண்டார்கள். மணியடிக்கத்தான் தடை, தட்டுவதற்கு யார் தடை சொன்னது, வாருங்கள் என்கிற மாதிரி. சியாமளா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிலைப்படியைத் தாண்டினாள். கதவு சாத்திக்கொண்டது. அந்த நேரம் பார்த்து பத்ரியின் விரல் தானாக அழுத்தியது.

மூவாயிரத்து நானூற்றுப் பதின்மூன்று. அப்பழுக்கில்லாத படம். கீழ் ஓரத்தில் ஒரு ஜோடி செருப்பு மட்டும் படத்தில் விழுந்திருந்தது.

5.

சுவர்தான் இல்லையே, சுற்றிக்கொண்டு போகவேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். பத்ரிக்கும் தோன்றியது. இடது பக்கமாக மூன்று எட்டு வைத்தான். அந்தப் பக்கத்திலிருந்து வைஷாலியின் குரல் வந்தது. மராத்தியில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "சுவர் வழியாக வருகிறது யார்? எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை." பத்ரி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பழைய இடத்துக்கே வந்தான்.

இனி தட்ட வேண்டும். அவனுக்குக் கை எழவில்லை.

முடிவு அ: நான்கு மணிக்கு அவன் துணிந்து சுற்றிப் போகிறான். புல், நாற்காலி, பாதி உரித்த பட்டாணி. சியாமளா இல்லை. காற்று மட்டும் — இதை எழுதிவிட்டு என்னையே மெச்சிக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. படம் சுத்தமாக வரவேண்டும் என்று நானும் அவளை நகர்த்தியிருக்கிறேன்.

முடிவு ஆ: கதவு திறக்கிறது, சியாமளா சிரிக்கிறாள், மறுநாள் ஹாலில் எண்பது பேர் கைதட்ட, ஸ்ரீகண்ட் பூரியுடன் — இதற்குச் சியாமளா வரமாட்டாள். எனக்கு அவளை அவ்வளவாவது தெரியும்.

முடிவு இ: பத்ரி காமிராவைத் தூக்கி

6.

அவள் பேசினதை இரண்டு இடத்தில் எடுத்துவிட்டேன். பத்ரி நகரச் சொன்னதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. வெட்கமாக இருக்கிறது. நான் எடுத்துவிட்டதால் அது பத்ரியின் காதிலும் விழவில்லை; இங்கே திருப்பி வைக்கிறேன்.

பத்ரி கதவுக்குப் பக்கத்தில் போய், நாலு பக்கமும் திறந்த வெளியில் நின்றுகொண்டு, கேட்டான். "சியாமா, உள்ள இருக்கியா?"

"இருக்கேன்." கதவுக்குப் பின்னாலிருந்து அவள் குரல் நிதானமாக வந்தது. "நகந்துண்டா நான் எங்க போறேன்னு ஒரு நாளாவது திரும்பிப் பாத்திருக்கேளா?"

"இல்லை."

"டையூல அந்தப் பச்சைக் கதவை அரை மணி எடுத்தேளே. நான் ஓரமா வெயில்ல நின்னுண்டிருந்தேன். ஜன்னல்லேர்ந்து அந்தாத்து மாமி கூப்பிட்டா. பக்கத்து நடை வழியா உள்ள போனேன். தண்ணி குடுத்தா. தூளில கொழந்தை தூங்கிண்டிருந்தது, சித்த நேரம் ஆட்டினேன். நீங்க வெளில வெளிச்சத்துக்குக் காத்துண்டிருந்தேள், நான் அந்தக் கதவுல சாஞ்சுண்டு உக்காந்திருந்தேன். ஜோத்பூர்லயும் கூப்பிட்டா. காரைக்குடிலயும். முக்காவாசி கதவுக்குப் பின்னாடி நான் இருந்திருக்கேன். உள்ள இருக்கேன்னு அன்னிக்குச் சொன்னது விளையாட்டுக்கு இல்லை."

பத்ரி ஸ்நேஹாவுக்கு அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். பச்சை, நீலம், சிவப்பு, உளுத்த மரம், புது வார்னிஷ். ஒவ்வொன்றிலும் பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு முழம் தள்ளி, அவள். அவனுக்கு அழுகை வந்தது. பட்டப்பகலில், வீடில்லாத ஒரு கதவின் முன்னால் நின்று, போகிற வருகிறவர்கள் பார்க்க அழுதான். யாரும் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கதவு திறக்கவில்லை என்று அழுதவர்கள் முன்பும் இருந்திருப்பார்கள்.

"சியாமா, தட்டினா தொறப்பியா?"

"தட்டிப் பாருங்கோ."

எங்கேயோ கடிகாரம் நான்கு அடித்தது. இனிமேல் மணியும் அடிக்கலாம். ஐந்தரை வண்டிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ஸ்டேஷன் ரிக்ஷாவில் கால் மணிதான். பத்ரி காமிராவைக் கழுத்திலிருந்து கழற்றி அவள் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தான். உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். விரல்களை மடக்கிக் கையைத் தூக்கினான்.

இதற்கு மேல் நான் எழுதினால், உங்களுக்கும் கதவுக்கும் நடுவில் என் தலைதான் தெரியும். நீங்களே கிட்ட வந்து பாருங்கள். நான் சித்த நகர்ந்துகொள்கிறேன்.