வெயிலுக்குப் போட்ட வேலி

கடற்கரையில் அணு உலை வேண்டாமென்று சனங்கள் பந்தல் போட்டு உட்கார்ந்த காலத்தில் சகாயசெல்வி அந்த ஊருக்குப் புது மருமகள். பிறந்தது வடமதுரைக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் கிராமம். நர்ஸிங் முடித்திருந்தாள். குவைத்தில் ஆஸ்பத்திரி வேலை கூடி வந்திருந்த நேரத்தில்தான் பந்தலில் உட்கார்ந்த மற்றவர்களோடு அவள் பெயரும் வழக்கில் ஏறியது. பாஸ்போர்ட் கிடைக்கவில்லை, வேலை போயிற்று. உலை மட்டும் ஓட ஆரம்பித்துவிட்டது.

அவள் புருஷன் ஆனந்த்ராஜ் கடலை விட்டுவிட்டு அவளோடு திண்டுக்கல் பக்கம் அவள் பிறந்த ஊருக்கே வந்து வேன் ஓட்டினான். அவள் டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தாள். ஆனால் பந்தலில் கற்றதை அவள் விடவில்லை. ஊரில் முதல் சோலார் தகடு அவள் வீட்டு மொட்டை மாடியில்தான் ஏறியது. மகளிர் குழுக் கூட்டம், கோயில் கூட்டம், கல்யாண வீடு என்று எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தப் பேச்சுதான்.

"இம்புட்டு வெயிலு கொட்டிக் கெடக்கு. இத விட்டுப்புட்டு அந்த வெசத்தப் போயி ஏன் கிண்டணும்?" என்பாள். யாரோ அதைப் படம் பிடித்துப் போட்டு, நிறையப் பேர் பார்த்திருந்தார்கள்.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் முகேஷ்குமார் அவள் வீட்டுக்கு வந்தான். ஒரு சோலார் கம்பெனிக்காகக் குத்தகைக்கு நிலம் பிடித்துக் கொடுப்பவன். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கொடுத்த காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தான்.

"அக்கா, நீங்க சொன்னதத்தான் நாங்க செய்ய வந்துருக்கோம். ஊர்ல நீங்க ஒரு வார்த்த பேசுனாப் போதும்."

அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வருஷமாக வேண்டாம், வேண்டாம் என்று மட்டுமே கத்திய வாய்க்கு, வேண்டும் என்று சொல்ல ஒன்று கிடைத்திருந்தது.

நாடக மேடையில் ஊர்க்கூட்டம் நடந்தது. செல்வி பேசினாள். இந்தத் தரிசில் கரண்ட் விளைந்தால் கடலோரத்தில் இன்னொரு உலைக்கு வேலை இருக்காது என்றாள். கிணறு வற்றிப்போன சம்சாரிகள் தலையை ஆட்டினார்கள். அப்போது ஓரமாக உட்கார்ந்திருந்த அங்காளம்மாள் எழுந்தாள். அவளுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. ஊருக்கு மேற்கே கிடந்த தரிசில் வெள்ளாடு மேய்த்துத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்திருந்தாள்.

"எல்லாத்தையும் அடைச்சுப்புட்டா ஆட்ட எங்கிட்டு ஓட்டுறது?"

"தகடுக்கு அடியில புல்லு நல்லா வளரும்மா. வேலியில ஆட்டுக்குன்னு தனியா ஒரு கேட்டு வச்சுத் தாரோம்" என்றான் முகேஷ்குமார்.

அங்காளம்மாள் அவனைப் பார்க்கவில்லை. செல்வியைப் பார்த்தாள். "நெசந்தானா செல்வி?"

வேறு ஊர்களில் அப்படிச் செய்வதாகச் செல்வி படித்திருந்தாள். "நெசந்தான்க்கா" என்றாள்.

அந்த ஒரு வார்த்தையில் அங்காளம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

மண் தள்ளும் வண்டிகள் வந்தன. உடைமரங்கள் வேரோடு சாய்ந்தன. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுபோகும் ஓடையை மேடாக்கி அதன்மேல் தூண் நட்டார்கள். சுற்றிலும் ஆள் உயரத்துக்குக் கம்பிவேலி. ஆட்டுக்கென்று சொன்ன கேட்டை மட்டும் காணோம். செல்வி போய்க் கேட்டபோது முகேஷ்குமார் இளித்தான்.

"ஆடு ஒயரக் கடிச்சா இன்சூரன்ஸ்காரன் ஒத்துக்க மாட்டான்க்கா. மேல பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவன் பேசிக்கொண்டே இருந்தான். அங்காளம்மாளோ வேறு வழியில்லாமல் திருச்சி நாலுவழிச் சாலையின் ஓரப்புல்லுக்கு ஆடுகளை ஓட்டினாள். ஒரு நாள் காலையில் லாரி ஒன்று மந்தைக்குள் புகுந்துவிட்டது. செல்வி டியூட்டிக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்த்து, அலறி நிறுத்தச் சொல்லி இறங்கி ஓடினாள். ஐந்தாறு ஆடுகள் தார்ச்சாலையில் கிடந்தன. சினையாடு ஒன்று இன்னும் கால் உதைத்துக்கொண்டிருந்தது. அங்காளம்மாள் அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். அழவில்லை.

"அக்கா..."

"அன்னிக்குக் கூட்டத்துல கத்திக் கூப்பாடு போட்ருப்பேன். நீ சொன்னியேன்னுதான் வாய மூடிட்டு உக்காந்தேன்."

உயிரோடு மிஞ்சிய ஆடுகளை அந்த வியாழக்கிழமையே அய்யலூர்ச் சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிட்டாள்.

செல்வி லீவு போட்டாள். கம்பெனி வாசலில், ஒரு குடையை விரித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்தாள். ஓடையைத் திற, கேட்டு வை. இரண்டே கோரிக்கைதான், அட்டையில் எழுதியிருந்தாள். பந்தலில் உட்கார்ந்த நாட்களில் முன்னும் பின்னும் ஆயிரம் பேர் இருந்தார்கள். இங்கே பக்கத்தில் ஒரு காக்கா கூட இல்லை. ஆனந்த்ராஜ் மட்டும் சோறு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

நிலம் கொடுத்த பொன்னழகு வண்டியை நிறுத்தி இறங்கினார். அவளுக்குச் சித்தப்பா முறை.

"ஏத்தா, மழ தண்ணி இல்லாம தவிச்ச கையில இப்பத்தான் குத்தகன்னு ஒன்னு ஒழுங்கா வருது. ஓம் பவுசுக்கு அதுல மண்ணள்ளிப் போடாத. மொத அது வேணாம்னே. இப்ப இதும் வேணாங்குறே. வீட்ல லைட்டு மட்டும் எரியணுமாக்கும்?"

"வேணாம்னு நான் சொல்லல சித்தப்பா. சொன்ன சொல்லக் காப்பாத்துங்கன்னுதான் கேக்குறேன்."

"அந்தச் சொல்லச் சொன்னதே நீதான்" என்றார் பொன்னழகு.



போலீஸ் ஜீப்பும் வந்தது. வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "ஒங்க மேல பழைய கேஸு ஒன்னு இருக்காமே, தெக்க. எதுக்கும்மா திரும்பவும்?"

அவள் உட்கார்ந்திருந்த படம் அதற்குள் போன் போனாய்ப் போய்விட்டது. அணு உலையை எதிர்த்தவளே இன்று சோலாரையும் எதிர்க்கிறாள், பாருங்கள் இவர்கள் லட்சணத்தை, உலைதான் நாட்டுக்கு நல்லது என்று யாரோ எழுதியிருந்தார்கள். மறுநாள் கடற்கரையிலிருந்து வினோலியா கூப்பிட்டாள். பந்தலில் ஒரே பாயில் படுத்தவள். லத்தி அடியில் செல்வியின் தோள் வீங்கியபோது எண்ணெய் தடவிவிட்டவள்.

"என்னட்டி பண்ணுதே? இங்க இன்னும் புதுசா உலை கெட்டுதான். எதுத்துப் பேசப் போனா ஒம் போட்டோவக் காட்டிச் சிரிக்கான். எந்திரிச்சு வீட்டுக்குப் போ."

"இங்க ஒருத்தி பொழப்பு போயிருச்சு வினோ."

"ஒருத்திதானட்டி" என்றாள் வினோலியா.

சொன்ன பிறகு அவளும் திடுக்கிட்டிருக்க வேண்டும். கடலோரச் சனங்களைப் பற்றி, நாட்டுக்காகக் கொஞ்சம் பேர் விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று கேட்டவர்களைப் பந்தலிலிருந்து இருவரும் சேர்ந்துதான் திட்டியிருந்தார்கள்.

செல்வி எழவில்லை. கம்பெனிக்கும் படம் மேலும் பரவுவது பிடிக்கவில்லை போலிருக்கிறது. ஓடை இருந்த இடத்தில் பெரிய சிமெண்டுக் குழாய்களைப் பதித்து வழி விட்டார்கள். கேட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. லீவு முடிந்து செல்வி குடையை மடக்கிக்கொண்டு டியூட்டிக்குத் திரும்பினாள். ஐப்பசி மழையில் குழாய் வழியே கண்மாய்க்குத் தண்ணீர் போனபோது, நீர்நிலை காத்த நல்லோர் என்று கம்பெனிக்கு பிளக்ஸ் வைத்தார்கள். பொன்னழகு பொன்னாடை போர்த்தினார். செல்வியை யாரும் கூப்பிடவில்லை.

அங்காளம்மாள் கம்பெனியிலேயே தகடு துடைக்கும் கூலி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு ஒரு மத்தியானம் செல்வி வேலியோரம் போனாள். மஞ்சள் நிறக் கோட்டு மாட்டி, நீளக் கம்பில் துணி சுற்றி, அங்காளம்மாள் தூசி துடைத்துக்கொண்டிருந்தாள். தகடு அனலாகக் கக்கியது. அடியில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. முதுகில் டப்பா கட்டிய ஒருவன் அதற்கு மருந்தடித்துக்கொண்டே போனான். அடித்த வரிசையெல்லாம் கருகிக் கிடந்தது.

"நீ சொன்னது பொய்யில்லடி. புல்லு நல்லாத்தான் வளருது" என்றாள் அங்காளம்மாள். அவள் குரலில் குத்தல் இல்லை. அதுதான் செல்விக்குத் தாங்கவில்லை.

"கேட்டுக்கு மனு போட்ருக்கேன்க்கா."

"ஆடே இல்ல. கேட்டு எதுக்கு? மேஸ்திரி பாக்குறான். போத்தா."

தை மாதம் கடற்கரையில் புது உலைகளை எதிர்த்துக் கூட்டம் போட்டார்கள். வினோலியா கூப்பிட்டாள், பழசை மறந்த மாதிரி. செல்வி போனாள். மைக் அவள் கைக்கும் வந்தது. உலை வேண்டாம் என்றாள். கைதட்டினார்கள். வெயில் போதும் என்றாள். தட்டினார்கள். "ஆனா எங்கூர்ல அங்காளம்மான்னு ஒரு அக்கா இருக்காங்க" என்று தொடங்கியபோது, மேடையில் இருந்த ஒருவர் அவள் காதருகே குனிந்து, நேரமாகிறது என்றார். மைக் பக்கத்து ஆளிடம் போய்விட்டது.

கூட்டம் முடிய அவள் காத்திருக்கவில்லை. மேடையின் பின்பக்கமாக இறங்கி, கருவாடு காயும் மணலில் நடந்து, பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். வினோலியா பாதி தூரம் கூடவே வந்தாள். பஸ் வந்ததும் செல்வி ஏறிக்கொண்டாள்.