பதினாலு பேர்

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே அப்பா முகம் கழுவி, திருநீறு பூசி, முன்பு காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போட்டுப்போகும் அரைக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துவிட்டார். ஜோர்தானில் தையல் ஃபேக்டரியில் இருக்கும் அக்காவுக்கு ஒரு மஞ்சள் குடை அனுப்பப் போகிறார். அதற்கு எதற்குச் சட்டை என்று எனக்குத் தோன்றியது. அது கையில் பிடிக்கிற குடைகூட இல்லை. பழைய போனில் நாங்கள் விளையாடிய தீவு விளையாட்டுக்குள் இருக்கிற குடை. அந்தப் போனிலிருந்து அக்காவின் கணக்குக்குக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சின்னராசா கணக்கப்பிள்ளை முப்பத்திரண்டு வருடம் தேயிலைத் தோட்டத்துக் கணக்குப் பார்த்தவர். முக்கியமான எதையும் சட்டை போட்டுக்கொண்டு செய்தால்தான் அவருக்குச் செய்ததுபோல் இருக்கும்.

நான் ஹட்டனில் வேலை செய்யும் புடவைக்கடையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். முழங்கால் வலியால் கொழுந்து பறிக்க மலைக்குப் போவதை நிறுத்திவிட்ட அம்மா, ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டு, இந்தக் கூத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஆனால் வானொலியை நிறுத்தி வைத்திருந்தாள். அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

அந்த விளையாட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது கொரோனா வருடத்தில். கொழும்பில் வேலை பார்த்த லோஜினி அக்கா, கடையெல்லாம் பூட்டியதும் பெட்டியோடு வந்து சேர்ந்தாள். எனக்கு அப்போது பதினேழு வயது, பள்ளிக்கூடமும் பூட்டு. வீட்டில் இருந்தது ஒரே ஒரு போன். எங்கள் லயத்து வரிசை வீட்டில் சிக்னல் கிடையாது. மேலே தண்ணீர் டேங்க் இருக்கும் மேட்டுக்கு ஏறினால்தான் இரண்டு கோடு தெரியும். அங்கே ஒரு உரப்பையை விரித்து, ஒரு சால்வையை இரண்டு பேரும் போர்த்திக்கொண்டு, அந்தச் சின்னத் தீவில் கேரட் நட்டோம், மீன் பிடித்தோம், வீட்டுக்கு ஓடு போட்டோம். எங்கள் லயத்துக்கு ஓடு இல்லை, தகரம்தான். அக்கா ஒவ்வொரு ஓடாகத் தொட்டு வைத்துவிட்டு, ஒழுகுதா பாரு என்று என்னைக் கேட்பாள். இப்போது நினைத்தாலும் எனக்கு அந்தத் தீவின் கடற்கரை ஞாபகம் வருவதில்லை. டேங்கின் சிமெந்துச் சுவரில் முதுகு சாய்ந்திருந்த குளிர்தான் வருகிறது. நோயும் பயமும் ஊரையே மூடியிருந்த காலம் அது. வெளியே சொன்னால் திட்டுவார்கள், என் வாழ்நாளில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அப்போதுதான்.

அந்த விளையாட்டில் தினமும் ஒரு பொத்தானை அழுத்தி, இன்றைக்கு வந்தேன் என்று பதிய வேண்டும். அக்கா அதற்கு வைத்த சொல் ‘பேர் போடுறது’. தோட்டத்தில் பேர் என்றால் பெயர் மட்டுமில்லை. ஒரு நாள் வேலை ஒரு பேர். கொழுந்து குறைந்தாலோ பாதியில் போய்விட்டாலோ அரைப்பேர். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று பார்த்து செக்ரோல் பதிவேட்டில் பேர் போடுவதுதான் அப்பாவின் உத்தியோகம். விளையாட்டில் ஒரு வருடம், முந்நூற்று அறுபத்தைந்து நாளும் விடாமல் பேர் போட்டவர்களுக்கு மட்டும் அந்த மஞ்சள் குடை. தீவில் மழை பெய்யும்போது அதை விரித்தால், அதன் கீழே ஒட்டி நிற்கிற இன்னொரு ஆளும் நனைய மாட்டார். அக்கா அந்தக் குடையின் மேல் உயிரையே வைத்திருந்தாள். விடியற்காலை ஐந்தரைக்கு நாள் மாறும். ஐந்தரைக்கே டேங்க் மேட்டில் நிற்பாள். தோட்டத்தில் ஒரு நாளும் பெரட்டுக்குப் போகாதவளுக்கு இங்கே மட்டும் ஒழுங்கு என்று அம்மா முணுமுணுப்பாள்.

இருநூற்றுச் சொச்ச நாள் ஆனபோது அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. பரிசோதித்துவிட்டு, வேனில் ஏற்றி, பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் வைத்திருந்த சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பதினாலு நாள். வீட்டுக்கு இருக்கிற ஒரே போன் என்று அதை விட்டுவிட்டுப் போனாள். வேனில் ஏறும்போது அவள் அழுதது நோய்க்காக இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்திருந்தேன். மறுநாள் காலை இருட்டோடு அப்பா என்னை எழுப்பினார்.

“எந்த பட்டனுன்னு காட்டு.”

இதன் கனம் விளங்க வேண்டுமென்றால் அம்மாவின் அரைப்பேர் கதையைச் சொல்ல வேண்டும். அக்காவுக்கு நாலு வயதில் ஜன்னி வந்து, சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவிலிருந்து மலைக்கு ஆள் அனுப்பினார்கள். அம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அப்போது பன்னிரண்டு மணி. அன்று அந்த மலையில் கணக்கப்பிள்ளை அப்பாதான். அம்மாவுக்கு அரைப்பேர் போட்டார். பிள்ளை இரண்டு பேருக்கும்தானே என்று மற்றப் பெண்கள் கேட்டார்களாம். இல்லாத நேரத்துக்குப் பேர் போட்டால் அது கள்ளப் பேர், இன்றைக்குப் பெண்சாதிக்குப் போட்டால் நாளைக்கு எந்த முகத்தோடு மற்றவர்களுக்கு அரைப்பேர் போடுவேன் என்றாராம். இருபது வருடத்துக்கு மேலாகிறது. எங்கள் வீட்டில் உப்புக் கூடினாலும் சண்டை, சுற்றிச் சுற்றி அந்த அரைப்பேரில்தான் வந்து நிற்கும்.

அந்த மனுஷன் பதினாலு நாளும் இருட்டில் மேட்டுக்கு ஏறி, வராத மகளுக்குப் பேர் போட்டார். முதல் நாள் பொத்தானை அழுத்தும் முன் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்தார். இறங்கி வரும்போது, யார் கேட்டாலும் நான் போடலன்னு சொல்லு என்றார். நானும் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. குடை வந்த நாளில் அக்கா அதை விரித்து வைத்துக்கொண்டு தீவெல்லாம் சுற்றினாள்.

அக்கா ஜோர்தானுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. அந்தக் கணக்கு பழைய போனோடு கட்டிப்போட்டது, வேறு போனில் திறக்காது. அதனால் அதுவும் இங்கேயே தங்கிவிட்டது. அப்பா ஓய்வு பெற்றார். இப்போது டவர் வந்து ஜன்னலோரத்திலேயே சிக்னல் கிடைக்கிறது. காலையில் தேத்தண்ணி குடிக்கும் முன் அவர் அக்காவின் பேரைப் போடுவார். தீவில் இரட்டைப் பின்னலோடு நிற்கும் அக்காவின் பொம்மைக்கு லோஜி என்றுதான் சொல்வார். இப்போது போடுவது கள்ளப் பேர் இல்லையா என்று ஒருநாள் வம்புக்குக் கேட்டேன். தேத்தண்ணியை எடுத்து ஊதிக் குடிக்க ஆரம்பித்தார்.

போன வெள்ளிக்கிழமை, அவளுக்கு லீவு நாளில், அக்கா தோழியின் போனில் பேசினாள். தன் போன் விழுந்து உடைந்துவிட்டதாம். தோழியின் போனில் தீவில் புதுக் கணக்குத் திறந்திருக்கிறாளாம். பழைய பொருட்களைக் கைமாற்றுவதை விளையாட்டை நடத்துகிறவர்கள் வியாழனோடு நிறுத்துகிறார்கள், அதற்குள் குடையை அனுப்பிவிடுங்கள் என்றாள். வியாழனன்று சாப்பாட்டு இடைவேளையில், இங்கே மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னாள். பிறகு, “இங்க மழையே இல்லப்பா. அதுக்குள்ளயாவது கொஞ்சம் மழையில நிக்கணும்போல இருக்கு” என்றாள். புதுக் கணக்கின் பெயரைச் சொல்லும்போது லைன் அறுந்துவிட்டது. அப்பா போனைக் காதிலிருந்து எடுக்க வெகுநேரமாயிற்று.

எங்களுக்குக் கைமாற்றிப் பழக்கமில்லை. படித்த பிள்ளை என்ற பெருமையில், இணையத்தில் தமிழ் விளையாட்டுக்காரர்களின் குழுவொன்றில் நான்தான் கேட்டேன். வியாழன் மூன்று மணிக்கு அப்பா, ஜோர்தானில் இருக்கும் அக்காவுக்கு மஞ்சள் குடை அனுப்ப வேண்டும், முதல்முறை, ஏமாறாமல் செய்வது எப்படி என்று எழுதி, அக்காவின் பெயரும் படமும் தெரிகிறமாதிரி திரையையும் பிடித்துப் போட்டேன். நல்ல நல்ல யோசனைகள் வந்தன. கடவுச்சொல்லை யாருக்கும் சொல்லாதே. விளையாட்டுக்குள் இருக்கும் மாற்றுப் பெட்டியில் மட்டும் கொடு, வெளியே எந்த லிங்கையும் தொடாதே. கடைசியாக அழுத்தும் முன் பெட்டியைத் திரும்பப் பார். அவசரப்படுத்துகிறவனை நம்பாதே. எல்லாவற்றையும் கலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிச் சுவரில் ஒட்டினேன். வீட்டில் என்ன இருக்கிறது, யார் வரப்போகிறார் என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, கதவைப் பூட்டுவது எப்படி என்று எழுதி ஒட்டிய கெட்டிக்காரி நான். அந்தக் குடை இப்போது எங்கும் கிடைக்காது, அதற்கு ஆட்கள் அலைகிறார்கள் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மூன்று மணிக்கு நட்பு அழைப்பு வந்தது. லோஜினி. பிரித்துப் பார்க்கும் முன்பே இன்னொன்று வந்தது. அதுவும் லோஜினி. இரண்டிலும் அக்கா எப்போதும் வைக்கிற படம், நான் குழுவில் போட்டுக் காட்டிய அதே படம். பெயரின் ஆங்கில எழுத்தில் மட்டும் ஒன்றில் ஒரு ‘ஐ’ கூட இருந்தது. தோழியின் எண்ணுக்கு அழைத்தேன், போகவில்லை. இடைவேளை அரைமணி நேரம்தான். தப்பான ஆளுக்குக் கொடுத்தால் குடை போனது போனதுதான். கொடுக்காவிட்டாலும் நாளையிலிருந்து முடியாது.

முதல் லோஜினி விறுவிறுவென்று எழுதினாள். அப்பா சுகமா, இங்கே பெல் அடிக்கப் போகிறது, சீக்கிரம் குடையைப் போடுங்கள், ஜோர்தானில் நெட் சரியில்லை என்று. இரண்டாவது லோஜினி, அப்பா வந்திட்டேன் என்று மட்டும் எழுதிவிட்டு நின்றாள். எனக்கு முதலாவதுதான் அக்கா போலத் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் பதறவில்லை. ஒரே மலையில் மூன்று லெட்சுமிக்குப் பேர் போட்டவர் அவர்.

“ரெண்டு பேருகிட்டயும் கேளு. நீ இல்லாதப்ப ஒனக்கு எத்தன நாள் பேரு போட்டேன்?”

அடுப்படியில் மாப் பிசையும் சத்தம் நின்றது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே எழுதி இரண்டு பக்கமும் அனுப்பினேன்.

முதல் லோஜினி உடனே எழுதினாள். பிறந்தவுடனேயே பேர் வைத்துவிட்டீர்களே அப்பா, இப்போது எதற்கு அது, சீக்கிரம் அனுப்புங்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. யாராக இருந்தாலும் அந்த ஆள் தோட்டத்தில் பிறக்கவில்லை. அந்தக் கணக்கைத் தடுத்துப் போட்டேன்.

இரண்டாவது லோஜினி எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தாள். மூன்று புள்ளி தோன்றும், மறையும். கடைசியில் வந்தது.

“எங்கப்பா வராத ஆளுக்குப் பேர் போட மாட்டாரு.”

இதுவும் தப்பு. பதினாலு என்று சொல்லியிருக்க வேண்டும். ரெண்டுமே கள்ளனுங்கதான் அப்பா, மூடிருவோம் என்றேன்.

அப்பா என் கையைப் பிடித்து நிறுத்தினார். “இதுதான் லோஜி. யாரு கேட்டாலும் அப்பிடித்தான் சொல்லணும்னு அவகிட்டயும் சொல்லியிருந்தேன்.” ஐந்து வருடமாகிறது. கடல் தாண்டிப் போன பிள்ளை, குடை கையைவிட்டுப் போகும் என்று தெரிந்தும், அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மாற்றுப் பெட்டி திறந்தது. நாங்கள் குடையை வைத்தோம். மறுபக்கமும் ஏதாவது வைக்க வேண்டும் என்பது விதி. அக்காவிடம் என்ன இருக்கிறது, ஒரே ஒரு கேரட்டை வைத்தாள். அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தராசு முள் அசைந்து நிற்கிறவரை காத்திருப்பதுபோல் குனிந்து பெட்டியைப் பார்த்தார். பெயரைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். கேரட்டைப் பார்த்தார். பிறகுதான் அழுத்தினார்.

தீவில் நல்ல மழை. தொடக்க ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் மண்நிறச் சட்டையோடு புது லோஜி வந்து, இரட்டைப் பின்னல் லோஜியின் பக்கத்தில் நின்று மஞ்சள் குடையை விரித்தாள். அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

அம்மா எங்களுக்குப் பின்னால் வந்து நிற்பதை அப்போதுதான் பார்த்தேன்.

“எத்தன நாளு?”

அப்பா திரும்பவில்லை. “பதினாலு” என்றார்.

“எனக்கு அன்னைக்கி அரப்பேரு.”

சண்டையில் சொல்கிற குரல் இல்லை அது. அப்பா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அம்மா மாவுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அந்தப் போனை அவள் தொட்டதில்லை. எங்க தொட்டா நடக்கும் என்று என்னைக் கேட்டாள். காட்டினேன். அவள் விரல் பட்டதும் பின்னல் போட்ட பொம்மை குடைக்கு வெளியே தாறுமாறாக ஓடியது. கேரட் பாத்தியை மிதித்துக்கொண்டு, ஓடு போட்ட வீட்டைத் தாண்டி, கடற்கரை மணலில் இறங்கி, கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு போனது. எப்படி நிறுத்துவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. மஞ்சள் குடை அதன் பின்னாலேயே ஓடி வந்துகொண்டிருந்தது.